ஆறரை மணிக்கு அமுதரசி

'சனிக்கிழமை வாரேன். வந்து ஒரு முடிவு பண்ணிருவோம்' என்று ஓசூரிலிருந்து மகன் பிரபு போனில் சொல்லியிருந்தான். அந்தச் சனிக்கிழமையும் விடிந்துவிட்டது. கௌசல்யாவுக்குத்தான் ஒரு முடிவும் வந்தபாடில்லை.

நோயில் விழுந்த இந்த ஐந்து மாதத்தில் அவள் கணவர் சுருளிவேலுக்குத் திரும்பி வந்திருப்பது ஒரே ஒரு சொல்.

செவ்வந்திக் காட்டில் மோட்டார் போடப் போன மனுஷன் வரப்பிலேயே சரிந்து விழுந்தார். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன, பேச்சும் போனது. கால் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிவிட்டது, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். பேச்சுதான் முரண்டு பிடித்தது. மூன்றாவது மாதம் ஒரு சாயங்காலம், டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று வாய் திறந்தார்.

"அமுதரசி."

கௌசல்யா அடுப்படியிலிருந்து ஓடி வந்து அழுதாள். மகள் நாகஜோதி குதித்தாள். பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள். ஆனால் அதற்குப் பிறகு வந்ததெல்லாமே அதேதான். தண்ணீர் வேண்டுமென்றால் அமுதரசி. கால் வலித்தால் அமுதரசி. மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் அமுதரசி. கௌசல்யாவைக் கூப்பிடவும் அமுதரசி.

'மரகத வாசல்' தொடரின் நாயகி அவள். திங்கள் முதல் சனி வரை ஆறரை மணிக்கு வருவாள். பறக்கும் குதிரை, பேசும் கற்சிங்கம், ஏழு வாசல் உள்ள மாயக்கோட்டை என்று போகும் கதை. ரெட்டியார்சத்திரம் சுற்றுவட்டாரத்தில் அந்த அரை மணி நேரம் யாருக்குப் போன் போட்டாலும் எடுக்க மாட்டார்கள். கௌசல்யா மட்டும் ஒருநாள்கூட உட்கார்ந்து பார்த்ததில்லை. அந்த நேரத்தில்தான் அவளுக்கு மாட்டுக்குத் தீவனம் வைக்கணும், ராத்திரிச் சோற்றுக்கு உலை வைக்கணும்.

இந்தத் தொடரைப் பார்க்காத சில கிழடுகள் ஊரில் ஒரு கதையைக் கட்டிவிட்டிருந்தார்கள். எரியோட்டுப் பக்கம் அமுதரசி என்று ஒருத்தி இருக்கிறாளாம், சுருளிவேல் பூ கொண்டுபோகும்போது பழக்கமாம். துக்கம் கேட்கப் போன ஒரு கேத வீட்டில் வைத்து ஒருத்தி கௌசல்யாவின் காதருகே வந்து, "யாருத்தா அந்தப் பொம்பள?" என்று கேட்டே விட்டாள். "டிவியில வாரவ" என்று சொல்லிவிட்டு வந்தவள், அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

எட்டு மணிக்குப் பிரபு வந்து இறங்கினான். பையை வைத்துவிட்டு நேரே அப்பாவிடம் போனான்.

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

சுருளிவேல் மகனை ஏறிட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உதடு துடித்தது. "அமுதரசி" என்றார்.

பிரபு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கையில் காப்பியை வாங்கியதுமே விஷயத்துக்கு வந்துவிட்டான். "கோயமுத்தூர்ல அந்த இடத்துல பேசிட்டேம்மா. மூணு மாசம் அங்கனயே வச்சுப் பாத்துக்குவாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் பேச்சுப் பயிற்சி. ஒரு இடந்தான் காலி இருக்காம். நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்றாங்க."

"நான் கூட இருக்கலாமா?"

"மொத மாசம் வீட்டாளுக யாரும் பாக்கக் கூடாதாம். டிவி, போன் எதுவும் கெடையாது."

"ஒரு மாசமா? வாயில்லாத மனுசன, ஒத்தையில?"

"இங்க மட்டும் என்னம்மா நடக்குது? நீயும் காட்டுக்குப் போயிர்ற. ஜோதியும் கடைக்குப் போயிர்றா. அந்தப் பொட்டிய வெறிச்சுப் பாத்துட்டு உக்காந்துருக்காரு. இருக்குற மூளையும் மழுங்கித்தான் போகும்."

அவன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை.

"பதினோரு மணிக்குப் பேச்சுச் சொல்லிக் குடுக்குற டாக்டரம்மாவப் பாக்கப் போகணும். அவுகளையும் ஒரு வார்த்த கேட்டுருவோம்ப்பா" என்றாள். அதைத் தவிர வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

பிரபுவின் சிநேகிதன் கிளெமென்ட் கார் கொண்டுவந்தான். நாளைக்குக் கோயமுத்தூருக்கு ஓட்டப்போவதும் அவன்தான். பின் சீட்டில் கணவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய வலது கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள் கௌசல்யா. அந்தக் கை எப்போதும் சில்லென்றே இருக்கும்.

இஃப்பத் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள். திண்டுக்கல்லில் ஒரு மாடி அறையில் வாரத்தில் மூன்று நாள் இருப்பாள். வயது முப்பதுக்குள்தான். கௌசல்யா அவளை 'டாக்டரம்மா' என்பாள். "நான் டாக்டர் இல்லம்மா" என்று ஒவ்வொரு தடவையும் அவள் சிரித்துக்கொண்டே திருத்துவாள்.

இஃப்பத் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினாள். பசு மாடு.

"இது என்னாதுய்யா?"

சுருளிவேலுக்குத் தெரியும். தெரியும் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. முப்பது வருஷமாக மாடு வளர்த்தவர். வாயைக் கோணினார், கழுத்து நரம்பு புடைத்தது. "அ... அமுதரசி."

சொன்னதுமே தவறு என்று அவருக்கே புரிந்துவிட்டது. தலையை ஆட்டி ஆட்டி மறுத்தார். சாவி. அமுதரசி. தேங்காய். அமுதரசி. நாலாவது படத்தை இடது கையால் தள்ளிவிட்டார்.

பிரபு எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

இஃப்பத் படங்களை அடுக்கி ஓரமாக வைத்தாள். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலக் கேட்டாள். "அய்யா, நேத்துப் பாத்தீங்களா? அந்தக் கண்ணாடிப் பாலம் ஒடஞ்சுருச்சே! எனக்கு ஒடம்பே பதறிப்போச்சு."

சுருளிவேல் நிமிர்ந்தார். கண் விரிந்தது. இடது கையைத் தூக்கினார். "அமுதரசி! அமுதரசி அமுதரசி... அமுதரசி!" சொல் ஒன்றேதான். ஆனால் ஏற்றமும் இறக்கமுமாக, நிறுத்தியும் ஓடியும், பாலம் எப்படி ஆடியது, எங்கே விரிசல் விட்டது, அவள் எப்படித் தாவினாள் என்று கையாலேயே காட்டி, ஒரு முழுக் கதையைச் சொல்லி முடித்தார். கடைசியில் சிரித்தார்.

கௌசல்யா ஐந்து மாதமாகப் பார்க்காத முகம் அது. சந்தையில் நல்ல விலைக்குப் பூ போன நாள்களில் வீட்டுக்கு வந்து கதை சொல்லுவாரே, அந்த முகம். அதை இந்தப் பிள்ளையிடம் காட்டுகிறார். தன்னிடம் காட்டவில்லை. அவளுக்குச் சந்தோஷமா, வயிற்றெரிச்சலா என்றே பிடிபடவில்லை.

"நீங்க அதப் பாப்பீங்களாம்மா?" என்று இஃப்பத் கேட்டாள்.

"எனக்கு எங்க நேரம்..."

"தெனமும் கூட உக்காந்து பாத்துப் பாருங்க. விளம்பரம் போடுறப்ப சத்தத்தக் கொறச்சுட்டு அவர்ட்டக் கேளுங்க. 'அவ எங்க...'னு நீங்க ஆரம்பிச்சு விட்டுருங்க, அவரு முடிக்கட்டும். அவருக்கு ஆசை இருக்குற எடம் அது ஒண்ணுதான். அங்க போயித்தான் நாம சொல்ல இழுத்துட்டு வரணும். டிவியப் போட்டுட்டு அடுப்படிக்குப் போயிட்டா ஒரு பிரயோசனமும் இல்ல."

ஜன்னலிலிருந்து பிரபு திரும்பினான். "அப்புடிப் பாத்தா பேச்சு வந்துருமா மேடம்?"

"வரும்னு என்னால சொல்ல முடியாது சார்."

"அப்ப கோயமுத்தூர்?"

"அங்கயும் நல்லா பாப்பாங்க. நாள்பூராப் பயிற்சி குடுக்குறாங்க. அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"எதுல சரியாகும்னு ஒண்ணச் சொல்லுங்க மேடம். அதச் செஞ்சுட்டுப் போறோம்."

இஃப்பத் அடுக்கி வைத்த படங்களை மறுபடி தட்டி நேராக்கினாள். "சத்தியமா எனக்குத் தெரியல சார்" என்றாள். "சில பேருக்கு ஆறு மாசத்துல வந்துருது. சில பேருக்கு இந்த ஒரு சொல்லோடயே நின்னுருது."

திரும்பி வரும்போது காரில் கௌசல்யா முன் சீட்டைப் பார்த்துக் கேட்டாள். "ஏப்பா கிளெமென்ட்டு, அந்த அமுதரசி கதைய ஒங்க வீட்லயும் பாக்குறாங்களா?"

"பாக்காம? அம்மா அந்த நேரத்துல எனக்குச் சோறுகூடப் போடாதும்மா."

"நல்லா இருக்குமா?"

கிளெமென்ட் யோசித்தான். "முந்நூறு நாளா ஓடுது. ஏழு வாசல்ல இன்னும் ஆறுதான் தொறந்துருக்கு. ரெண்டு மாசம் விட்டுட்டுப் போயிப் பாத்தாலும் கதை அங்கனயேதான் நிக்கும். ஆனா உக்காந்துட்டோம்னு வைங்க, எந்திரிக்க மனசு வராது."

"உருப்படுற வழி தெரியுது" என்றான் பிரபு.

சாப்பாட்டுக்குப் பிறகு சுருளிவேல் கண்ணயர்ந்தார். கௌசல்யா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு தொட்டிப் பக்கம் போனபோது, பிரபு அங்கே துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். கண் மட்டும் சிவந்திருந்தது.

"என்னப்பு?"

"ஒண்ணுமில்ல."

அவள் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். அவனே சொன்னான். "ஓசூர்ல இருந்து வர்றப்ப பஸ்ஸுல அதேதாம்மா நெனப்பு. இந்தத் தடவ என் பேரச் சொல்லிருவாருன்னு. 'பி'னாவது வரும்னு. என்னையப் பாத்து அவரு... எவளோ ஒருத்தி பேரச் சொல்றாரும்மா. நான் யாருன்னாவது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா. தெரியாம என்ன?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் தலைமுடியில் கை வைத்தாள். இருபத்தேழு வயசுப் பிள்ளை, தட்டிவிடாமல் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கி ஒருநாள் அதப் போடாம இருந்து பாப்பமே" என்றான் கடைசியில். "ஒரே ஒரு நாளு. என்ன ஆகுதுன்னு பாப்போம்."

"சரி" என்று சொல்லிவிட்டாள்.

அந்தச் 'சரி' அவளைப் பிற்பகல் முழுக்க அரித்தது. மாட்டைப் பிடித்துக் கட்டினாள், சாணி அள்ளினாள், பால் கறந்தாள். ஒன்றிலும் மனம் நிற்கவில்லை.

ஆறு இருபதுக்குச் சுருளிவேல் எழுந்தார். கடிகாரத்தில் மணி பார்க்கும் சூட்சுமம் போய்விட்டது என்றார்கள், ஆனால் அந்த நேரம் மட்டும் அவருக்கு எப்படியோ தெரிந்துவிடும். சுவரைத் தடவித் தடவி நடந்து வந்து டிவி முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். ரிமோட் இருக்கும் இடத்தைப் பார்த்தார். இல்லை. அது பிரபுவின் கையில் இருந்தது.

"இன்னிக்கி வேணாம்ப்பா" என்றான் பிரபு. "எங்கூடப் பேசுங்க. நான் ஒங்களப் பாக்கத்தான வந்தேன்."

"அமுதரசி."

"பிரபு. சொல்லுங்கப்பா. பி... ர..."

"அமுதரசி." சுருளிவேல் கையை நீட்டினார். மகன் ரிமோட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான். "அமுதரசி" என்றார் மறுபடி. அவருடைய அமுதரசிகளில் தண்ணீருக்கு ஒன்று, வலிக்கு ஒன்று என்று கௌசல்யா பிரித்துப் பழகியிருந்தாள். இது அவள் கேட்டே இராத ஒன்று. இந்தக் குரலில் அவர் இதுவரை யாரிடமும் எதையும் கேட்டதில்லை. பேச்சு நன்றாக இருந்த காலத்தில் கடன்காரனிடம்கூட நிமிர்ந்து பேசிய மனுஷன், பெற்ற பிள்ளையிடம் கெஞ்சுகிறார்.

கௌசல்யா அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு வந்தாள்.

"குடுப்பா அத."

"ஏம்மா, நீதான சரின்னு..."

"குடுன்னேன்ல."

அவன் கொடுத்தான். கொடுத்துவிட்டு எழுந்து வாசல் நிலையில் போய்ச் சாய்ந்துகொண்டான். அவள் டிவியைப் போட்டாள். பிறகு, அடுப்படிக்குத் திரும்பாமல், கணவனின் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

சுருளிவேல் குனிந்து அவளைப் பார்த்தார். இவள் ஏன் இங்கே உட்கார்கிறாள் என்று கொஞ்சம் திகைத்தார் போல. பிறகு, வாதம் அடித்த காலைக் கையாலேயே தூக்கி அந்தப் பக்கம் வைத்து, அவள் சாய்ந்துகொள்ள இடம் விட்டார்.

இடி இடித்தது. கற்சிங்கத்தின் கண்ணில் நெருப்பு எரிந்தது. கிரீடம் வைத்த ஒரு பெண் திடுக்கிட்டுத் திரும்பினாள். திரும்பியதையே மூன்று பக்கத்திலிருந்து மூன்று முறை காட்டினார்கள். உடனே சோப்பு விளம்பரம் வந்தது. இதற்கா ஊரே உலையை மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்று கௌசல்யாவுக்கு ஆற்றாமையாக இருந்தது. இஃப்பத் சொன்னது ஞாபகம் வந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டாள்.

"இவளா அமுதரசி?"

அவர் வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். இல்லையாம்.

"அப்ப இவ யாரு? இவ பேரு..."

அவர் வாய் அசைந்தது. நாக்கு மேலே போனது, கீழே வந்தது. "அமுதரசி" என்றார். இல்லை இல்லை என்று தானே கையை உதறினார்.

அப்போதுதான் நாகஜோதி கடையிலிருந்து வந்தாள். திண்டுக்கல்லில் ஒரு மருந்துக் கடையில் வேலை அவளுக்கு. அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துச் செருப்பைக் கழற்றக்கூட மறந்து நின்றாள்.

"அவ சூனியக்காரிம்மா" என்றாள். "அமுதரசி இனிமேத்தான் வருவா. ஏழாவது வாசலுக்கு வந்துட்டா. உள்ள போனா திரும்பி வர முடியாது, அதான் கதையே."

வந்தாள் அமுதரசி. கௌசல்யா இத்தனை மாதம் மனசுக்குள் சண்டை போட்ட அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காது. நாகஜோதியைவிடச் சின்னப்பெண். கையில் ஒரு விளக்கு, முகத்தில் பயம். இவள் மேலா கோபப்பட்டோம் என்று கௌசல்யாவுக்கு வெட்கமாகிவிட்டது.

அமுதரசி படியில் கால் வைத்தாள். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். அவள் திரும்பவில்லை. கௌசல்யாவின் தோள்மேல் இருந்த சுருளிவேலின் இடது கை இறுகியது.

குக்கர் விசில் அடித்தது. பழக்கதோஷம், கௌசல்யா எழுந்துவிட்டாள். அதே நேரத்தில் வாசலில் பிரபுவின் போன் அடிக்க, அவன் அதை எடுத்துக்கொண்டு வெளியே படி இறங்கினான்.

"போகாத."

தெளிவாக வந்தது. கொஞ்சம் கரகரப்பு, அவ்வளவுதான். ஐந்து மாதத்துக்கு முந்தைய அதே குரல்.

மூன்று பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். டிவியில் ஏழாவது வாசல் மூடிக்கொண்டது. 'தொடரும்' என்று போட்டார்கள்.

"அப்பா!" நாகஜோதி ஓடி வந்து முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அப்பா, இன்னொருக்காச் சொல்லுங்க! போ... போகா..."

சுருளிவேல் அவளைப் பார்த்தார், கௌசல்யாவைப் பார்த்தார், படியேறி ஓடிவந்த பிரபுவைப் பார்த்தார். தன் வாயிலிருந்து ஏதோ வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதைத் திரும்பத் தேடினார். உதட்டைக் குவித்தார். நெற்றியெல்லாம் வேர்த்தது.

"அமுதரசி" என்றார்.

திரும்பத் திரும்ப அதேதான் வந்தது. கடைசியில் இடது கையால் தன் வாயில் தானே அடித்துக்கொண்டார். கௌசல்யா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதுங்க. வந்துச்சுல்ல. போதும்."

"யார்ட்டம்மா சொன்னாரு?" பிரபு அம்மாவின் பக்கம் திரும்பினான். "என்னையவா?"

"அந்தப் பிள்ள வாசலுக்குள்ள போனாள்ல, அவளத்தான் சொல்லிருப்பாரு" என்றாள் நாகஜோதி. சொன்னவுடன், சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டது.

தான் எழுந்ததைப் பார்த்துத்தான் சொன்னார் என்று கௌசல்யாவுக்குத் தோன்றியது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. யாரை வைத்து நிரூபிக்க? கேட்டால் சொல்ல வேண்டியவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சோறு அடிப்பிடித்த வாசம் வந்தது. யாரும் எழுந்து போகவில்லை.

"நாளைக்கு வண்டி வேணாம்ப்பா" என்றாள் கௌசல்யா. "எனக்கு ரெண்டு மாசம் குடு. தெனமும் நான் கூட உக்காந்து பாக்குறேன். தீவனத்த அஞ்சு மணிக்கே வச்சுருவேன், உலைய ஏழு மணிக்கு வச்சுக்கிருவேன். அது குப்பையோ கூளமோ, எனக்கு அதப்பத்தி என்ன? இன்னிக்கி ஒரு சொல்லு வந்துச்சு. இன்னும் ரெண்டு வராமயா போயிரும்?"

பிரபு அப்பாவைப் பார்த்தான். "சரிம்மா" என்றான். "இப்பக் கூப்பிட்டது கோயமுத்தூர்க்காரங்கதான். காலையில வாரோமா, இல்லையான்னு கேட்டாங்க. வேற யாரோ காத்துருக்காங்களாம், நாம இல்லைன்னா அவுங்களுக்குக் குடுத்துருவாங்களாம். திருப்பிக் கூப்புட்டு வேணாம்னு சொல்லிர்றேன்."

அவன் போனை எடுத்துத் தட்டினான். நாகஜோதி மட்டும் அப்பாவின் முட்டியைப் பிடித்தபடியே, எழுந்திருக்காமல், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, ஏன் ஒரு மாதிரி இருக்க?"

"அம்மா..." அவள் அப்பாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள். "மதியம் கடையில இருக்கப்ப போன்ல பாத்தேம்மா. அந்தச் சேனல்காரங்களே போட்டுருக்காங்க. வர்ற சனிக்கிழமையோட முடிக்கிறாங்களாம்."

"எத?"

"மரகத வாசல."

கௌசல்யாவுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆயிற்று. "ஏன்? எல்லாருந்தான பாக்குறாக?"

"தெரியலம்மா. ஆறரைக்குப் பாட்டுப் போட்டி வருதாம். இன்னும் ஆறு நாளுதான்."

சுருளிவேல் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் பிரபுவின் குரல் கேட்டது. "சார், ரெட்டியார்சத்திரத்துல இருந்து பேசுறேன். நாளைக்கு எங்கப்பாவக் கூட்டிட்டு வர்றதப் பத்தி..."

சொல்லிக்கொண்டே உள்ளே திரும்பியவன், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். "ஒரு நிமிசம் சார்" என்று போனைக் கையால் பொத்திக்கொண்டான்.

"என்னம்மா? வேணாம்னு சொல்லிரவா, இல்ல வாரோம்னு சொல்லவா?"

கௌசல்யா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.